கடல் இல்லாவிட்டால் என்ன, காவிரி இருக்கிறதே

துருக்கியில் ஃபெத்தியே முதல் அந்தாலியா வரை மத்தியதரைக் கடலோரம் மலைமேல் ஒரு நடைபாதை ஓடுகிறது. பெயர் லைசியன் வே. 1999இல் கேட் க்ளோ என்ற பெண்மணி பழைய ரோமானியச் சாலைகளையும் கோவேறு கழுதைத் தடங்களையும் இணைத்து அதை உருவாக்கினார். புதிதாகப் பாதை வெட்டவில்லை. ஊர்க்காரர்கள் நடந்த வழிகளுக்கு அடையாளம் இட்டார், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்களுக்கு இது புரியும். இங்கே மேலகிரி மலைகள் இறங்கிச் சேர்வது காவிரியில். கரையில் நீர்மருது மரங்கள், கிளைகளில் சாம்பல் நிற மலை அணில். கேழ்வரகு விளையும் நாளில் யானைக்காகப் பரண்மேல் இரவெல்லாம் காவல். பக்கத்து மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதை முதுகில்தான் போயிருக்கின்றன. இந்தத் தடங்களை அறிந்தவர்கள் மலைக் கிராமத்து மக்களே.

குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ மலையேறியவர்களின் உயிர்களைப் பறித்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ஒரு திட்டத்தின்கீழ் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. கிருஷ்ணகிரியின் குத்திராயன் சிகரமும் அவற்றில் உண்டு. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருவது இத்திட்டத்தின் மிகச் சிறந்த அம்சம்.

ஓசூர் நண்பர்களே, அனுமதி பெற்று, வழிகாட்டியோடு போங்கள். தீப்பருவத்தில் காட்டை விட்டுவிடுங்கள்.