பிளாஷரை மாற்றும் முன்

செங்கல்பட்டு மாவட்டத்துக்கென்று சொந்தமாக ஒரு கார் உண்டு. வண்டலூர் ஆலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், அன்போடு பேணுபவர்கள் கையில் சில ஹெரால்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவற்றை ஓட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை, இண்டிகேட்டர் ஒழுங்காகச் சிமிட்டுவதில்லை என்பது. உடனே, சிமிட்ட வைக்கும் பிளாஷரை மாற்றிவிடுவது நம் வழக்கம். விலை குறைவு, கழற்றுவதும் எளிது என்பதால் அந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. கடலோரத்தில் வாழும் பழைய காருக்கு இந்த முறை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே பழுதைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் பல்பு ஹோல்டர். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது எர்த், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு.

அந்தக் காலத்துப் பிளாஷர் வெப்பத்தால் இயங்குவது. பல்புக்குப் போகும் மின்சாரமே உள்ளிருக்கும் மெல்லிய பாகத்தைச் சூடாக்குகிறது. சூடேறும்போதும் ஆறும்போதும் அது நீண்டு சுருங்குவதால் தொடர்பு மாறி மாறிச் சேர்கிறது, பிரிகிறது. ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என 21 வாட் பல்புகள் இரண்டு. 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். பிளாஷரின் தாளம் இந்த அளவை நம்பியே அமைந்திருக்கிறது. ஒரு பல்பின் எர்த் இணைப்பில் ஓர் ஓம் மின்தடை ஏறினால் போதும், பல்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ பத்தரை வோல்ட்தான். ஒளி மூன்றில் ஒரு பங்கு மங்கும், மின்னோட்டம் குறையும், தாளமும் கெடும். அப்போது பிளாஷர் தன் வேலையைத்தான் செய்கிறது. சுற்றில் எங்கோ கோளாறு என்று அது அறிவிக்க, அந்தப் பாவத்துக்கு அதையே தூக்கி எறிகிறோம்.

அந்த ஓர் ஓம் எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக் காற்றிலிருந்து. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ அதைவிடப் பாதிக்கும் குறைவான ஈரப்பதத்திலேயே நனைந்துவிடும். எனவே கடற்கரையில் நிறுத்திய காரின் மேல் படிந்த உப்பு முழுதாக உலர்வது அரிது. கடற்கரைக் கோயிலின் கருங்கல்லுக்குள் இறங்கிய உப்பை எடுக்க இந்தியத் தொல்லியல் துறை காகிதக் கூழ் பூசி உறிஞ்ச வேண்டியிருந்தது. காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் வளர்த்திருக்கிறார்கள். கல்லுக்கே இந்த நிலை என்றால் பித்தளை ஹோல்டரும் இரும்புத் தகடும் தொடும் இடத்தில் என்ன நடக்கும்? ஈர உப்பு நடுவில் நின்றால் இரும்பு விரைந்து துருவேறும், பித்தளையில் களிம்பு பூக்கும். ஹெரால்டின் அமைப்பு இந்தத் தொல்லையைப் பெருக்குகிறது. அதன் உடல் ஒரே வார்ப்பாக இல்லை, பகுதி பகுதியாக போல்ட் போட்டுச் சேர்த்தது. முன்பக்கம் முழுவதும் பானெட்டாக முன்னோக்கிச் சாயும், விளக்குகளும் அதோடு சேர்ந்தே சாயும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒயர்கள் வளைகின்றன, புல்லட் கனெக்டர்கள் அசைகின்றன. எர்த் கடக்க வேண்டிய ஒவ்வொரு இணைப்பும் உப்புக்கு ஒரு வாசல்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, 12 வோல்ட் காட்டுகிறது, பிறகு எர்த்தை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் அப்படித்தான் காட்டும். மீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், ஆகவே களிம்பேறிய இணைப்பும் அதற்கு நல்ல இணைப்பாகவே தெரியும். பல்பு எரியும்போது அளப்பதே சரியான சோதனை. பிளாஷரின் 'B', 'L' முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், இண்டிகேட்டர் போட்டதும் பல்புகள் சிமிட்டாமல் எரியும். இரண்டும் முழு ஒளியில் எரிந்தால் பழுது பிளாஷரில்தான், தயங்காமல் மாற்றலாம். மங்கினால், மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உடலிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினால்கூட எர்த் கெட்டிருக்கிறது. மீட்டர் இல்லாதவருக்கும் அடையாளம் உண்டு: பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் தடுமாறும், டெயில் லாம்ப் அதனோடு சேர்ந்து துடிக்கும்.

எலக்ட்ரானிக் பிளாஷர் போட்டால் தொல்லை தீராதா என்பது வலுவான கேள்வி. அது பல்பின் சுமையைப் பொருட்படுத்தாமல் ஒரே வேகத்தில் சிமிட்டும் வகை என்றால் தாளம் சீராகும், உண்மைதான். மங்கிய விளக்கு மங்கியபடியேதான் இருக்கும். ஓட்டுபவருக்குக் கிடைத்த எச்சரிக்கையும் போய்விடும். இதைத் தீர்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை. கையைக் காட்டினால் போதாதா என்பவர்களுக்கு, இடப்பக்கம் திரும்ப வலக்கையைச் சுழற்றிக் காட்டும் சைகை இன்று பின்னால் வருபவருக்குப் புரியாது; இருட்டில் தெரியவும் தெரியாது. மோட்டார் வாகன விதிகளும் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டும் மஞ்சள் விளக்கையே கேட்கின்றன.

அசல் தன்மையைக் காப்பவர்களின் தயக்கம்தான் எனக்கு மதிப்புக்குரியது. 50 ஆண்டு கடந்த கார்களைப் பழங்கால வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் வந்த விதி, அசல் வடிவம் மாறாதிருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு ஹோல்டரிலிருந்தும் சேசிஸுக்கு ஒரு கறுப்பு எர்த் ஒயர் இழுப்பது அந்த வடிவத்தைக் குலைக்காது. ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். துருப்பிடித்து ஓட்டையான தகட்டைத்தான் மீட்க முடியாது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன் ஹோல்டர்களைக் கழற்றுங்கள், தொடும் இடங்களை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்குங்கள், மேலே மெல்லிதாக வாசலின் பூசுங்கள். பிளாஷர் வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.