ஹாஜிமார் பிளேன்

பிஎச்-எம்பிஎச் என்பது ஒரு விமானத்தின் பதிவெழுத்து. முதலிரண்டு எழுத்தும் நெதர்லாந்தைக் குறிக்கும். மார்ட்டின்எயார் என்ற டச்சுக் கம்பனிக்குச் சொந்தமான, நான்கு எஞ்சின் கொண்ட டிசி-8 ரக ஜெட். ஆசனங்களைக் கழற்றினால் சரக்கேற்றலாம்; பூட்டினால் ஆளேற்றலாம். 1974ல் அது கருடா நிறுவனத்துக்காக இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களைச் சுமந்தது.

எங்கள் பொல்பிட்டியவில் இந்த எழுத்துக்கள் யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் 'ஹாஜிமார் பிளேன்' என்பார்கள். கூடவே ஒரு கதையும் சொல்வார்கள். 1969ல் இயங்கத் தொடங்கிய எங்கள் மின்நிலையத்தின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் விமானி கட்டுநாயக்க என்று ஏமாந்தானாம். சின்ன வயதில் அந்த விளக்குகளை நான் ஒருவகைப் பயத்தோடுதான் பார்த்தேன். எங்களுக்குச் சோறு போட்ட வெளிச்சம் அத்தனை பேரின் மௌத்துக்குக் காரணமா என்று வாப்பாவிடம் கேட்டால், "சும்மா இரு மகன்" என்பார்.

சம்பவம் நடந்தது 1974 டிசம்பர் 4 இரவு. சுரபாயாவில் புறப்பட்டு, கட்டுநாயக்கவில் இறங்கி, ஜித்தா போகவேண்டிய பயணம். 182 யாத்திரிகர்கள், 9 பணியாளர்கள். துல்கஃதா மாதம் பாதி கடந்திருந்தது. ஹஜ்ஜுக்கு மூன்று வாரங்கூட இருக்கவில்லை.

விசாரணை அறிக்கை குற்றத்தை வேறிடத்தில் வைக்கிறது. விமானம் எங்கே இருக்கிறது என்பதைப் பணியாளர்கள் பிழையாகக் கணித்தார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதே அதற்கு இடமளித்தது. டொப்ளர் என்பது கீழே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து வேகத்தை அளப்பது. வேகத்தைக் கூட்டிக்கூட்டித்தான் தூரம் கணக்கிடப்படும். மணிக்கணக்காகக் கடலுக்கு மேலே பறக்கையில் சரிபார்க்க ஓர் அடையாளமும் இல்லை. சிறு பிசகும் கூட்டு வட்டி போல ஏறிக்கொண்டே போகும்.

கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையம் 2,000 அடிவரை இறங்க அனுமதி கொடுத்தது. ஓடுபாதை தெரிந்ததும் அறிவிக்கச் சொன்னது. கரையோரச் சமவெளிக்கு அது பொருத்தமான உயரம். ஆனால் விமானம் இருந்தது மலைநாட்டுக்கு மேலே. ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில், லக்சபானப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. விமான நிலையத்துக்கு இன்னும் 40 கடல்மைல், அதாவது 74 கிலோமீற்றர் இருந்தது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இதற்கு மூன்றே நாள் முன்னர், டிசம்பர் 1ல், அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு பயணிகள் விமானம் இதே மாதிரி தரையிறங்க வரும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவியை அந்த நாடு கட்டாயமாக்கியது அதற்குப் பிறகுதான். எம் ஹாஜிமாருக்கு அது உதவக் காலம் கடந்திருந்தது. நான்கு வருடங்களில், 1978 நவம்பர் 15ல், ஹஜ் முடித்துச் சுரபாயாவுக்குத் திரும்பிய இன்னொரு டிசி-8 கட்டுநாயக்க அருகே தென்னந்தோப்பில் விழுந்து 183 பேர் போனார்கள். போகும்போது ஒரு கூட்டம், வரும்போது ஒரு கூட்டம். நமது எழுத்தில் இவர்களுக்கு நாலு வரியாவது கிடைத்திருக்கிறதா?

வாப்பாவிடம் அறிக்கை விஷயத்தைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப நம்மட லைட் இல்லையா?" என்றார்.

"இல்ல வாப்பா."

நோட்டன்பிரிட்ஜில் அந்த விமானத்தின் சக்கரமொன்று வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே கூட்டிப்போகச் சொன்னார்.