காலைப் பாருங்க, சார்

பங்குனி 3

வசந்தருது என்று சாஸ்திரம் சொல்வது சித்திரையையும் வைகாசியையும். இளவேனில் என்று தமிழ் இலக்கணம் வகுத்ததும் அவ்விரு மாதங்களையே. ஆனால் சென்னைப் பட்டணத்தில், அதிலும் திருவல்லிக்கேணியில், சித்திரை பிறந்த பிறகு வசந்தத்தைத் தேடி மொட்டைமாடிக்கு ஏறுகிறவன் உள்ளங்காலில் கொப்புளத்தோடுதான் இறங்குவான். எங்களுக்கு வாய்த்த வசந்தம், வேம்பு பழுத்த இலைகளை உதிர்த்துச் செந்துளிர் விடுகிற பங்குனியில் ஓசைப்படாமல் வந்து, வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேண்டிய பூவைக் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே போய்விடும்.

மார்கழியில் குண்டுமல்லித் தொட்டிகள் மூன்றையும் நான் ஒட்டக் கவாத்து செய்தபோது, "நன்றாக இருந்த செடியை இப்படி மொட்டையடித்துவிட்டீர்களே" என்று என் மனைவி இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை தண்ணீர் ஊற்றப் போனவள் கீழே வந்து, "முப்பத்தொரு மொட்டு" என்று மட்டும் சொன்னாள். மன்னிப்பு என்று ஒன்று எங்கள் வீட்டில் கேட்கப்படுமானால் அது இந்த ரூபத்தில்தான் கேட்கப்படும்.

பங்குனி 8

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கிளை நுனியெல்லாம் பஞ்சு ஒட்டினாற்போல் வெளுத்திருக்கிறது. அதன் தித்திப்புக் கழிவுக்காகக் கட்டெறும்புகள் ஊர்வலம் போகின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளித்தேன். இன்று வேறு விசேஷமில்லை.

பங்குனி 12

எலுமிச்சைக்கென்று வாங்கிய பெரிய சிமெண்டுத் தொட்டி, செம்மண் மூட்டைகள், தொழுவுரம், தென்னைநார்க் கழிவு எல்லாம் ஒரு மீன்பாடி வண்டியில் வந்து வாசலில் இறங்கின. மாடிப்படியோ, எதிரும் புதிருமாக இருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலம். மூட்டைகளைத் தனியாகவே தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்ட வண்டிக்காரர், தொட்டிக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும் என்றார். அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிடுவதே விவேகம் என்று தெரிந்திருந்தும், வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்த ஒரே காரணத்தால் நானே போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

நாலாம் படியிலேயே மூச்சு முட்டிற்று. தொட்டி என் மேல் சாய்வதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், மேல்படியில் நின்ற அவர் நிதானமாகச் சொன்னார்: "தொட்டியைப் பாக்காதீங்க சார். காலைப் பாருங்க. கால் நின்னுதுன்னா தொட்டி தானா வந்துரும்."

பார்த்தேன். கால் நின்றது, தொட்டியும் வந்தது. இரவு முழுவதும் இடுப்புக்கு ஒத்தடம்.

பங்குனி 13

இடுப்பு வலியோடு கடற்கரைக்குப் போனேன். வாலாஜா சாலை கடற்கரைச் சாலையோடு கூடும் முனையில், நடக்க முடியாமல் உழைப்பாளர் சிலைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

முப்பத்திரண்டு வருஷ உத்தியோக காலத்தில் அந்தச் சிலை எனக்குச் சிலையாக இருந்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு பஸ் நிறுத்தம். "உழைப்பாளர் சிலை ஒண்ணு" என்று கண்டக்டரிடம் சில்லறையை நீட்டியிருக்கிறேனே தவிர, ஒரு பெரும் பாறையை நான்கு பேர் நெம்பித் தள்ளுகிறார்கள் என்ற பொதுவான ஞாபகத்துக்கு மேல் அதைப் பற்றி யாராவது என்னைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். இன்று, நேற்றைய உபதேசம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தபடியால், பாறையை விட்டுக் கால்களைப் பார்த்தேன்.

எட்டுக் கால்கள், எட்டும் ஒவ்வொரு விதம். பின்னுக்கு நீட்டி ஊன்றிய கால் ஒன்று, பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு தொடையில் முறுக்கேறி நிற்கிறது. மடிந்த கால் ஒன்று, அடுத்த கணம் நிமிர்வதற்காகக் காத்திருக்கிறது. கைகளிலும் தோள்களிலும் தெரிகிற பிரயாசை எல்லாம் உண்மையில் பாதத்திலிருந்து புறப்பட்டுக் கெண்டைக்கால் வழியாகவும் முதுகு வழியாகவும் ஏறி வருகிறது என்பதை, என் இடுப்பே எனக்குப் பதவுரை சொல்வதுபோல் சொல்லிக் கொடுத்தது. இதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ரங்கபூர்ப் பக்கத்து வங்காளி, அவனீந்திரநாத் தாகூரிடம் சித்திரம் பயின்றவர், 1929-ல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, ஏறக்குறைய மூன்று தசாப்த காலம் இங்கேயே இருந்தவர், கே.சி.எஸ். பணிக்கரும் தனபாலும் அவரிடம் பயின்ற மாணாக்கர்கள். இவ்வளவையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் மல்யுத்தம் பழகியவர் என்பது. பாரம் எங்கே இறங்குகிறது என்பதைப் புஸ்தகத்தில் படித்தவருக்கு இந்தக் கால்கள் வந்திரா.

1959-ல் இங்கே நிறுவப்பட்ட இந்தச் சிலைதான் மெரினாவுக்கு முதல் சிலை. அதே ஆண்டு வந்த காந்தி சிலையும் அவர் கைவேலையே. தடியூன்றி நடக்கிற அந்தக் காந்தியிலும் கால்தான் பேசுகிறது. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி ஔவையார், வள்ளுவர், கம்பர், பாரதியார், போப், கால்டுவெல் என்று ஒரு வரிசையே வந்து சேர்ந்தது. பெரியோர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. ஆனால் என் அபிப்பிராயம் இதுதான்: அவர்களில் பெரும்பாலோர் நாம் பார்ப்பதற்காக நிற்கிறார்கள். இந்த நால்வருக்கு நாம் எதிரே இருப்பதே தெரியாது.

பங்குனி 21

ஒரு காரியமாகப் பாரிமுனைக்குப் போகும் வழியில், தீவுத்திடலுக்கு அருகே சர் தாமஸ் மன்றோவைப் பஸ் ஜன்னலிலிருந்து கவனித்தேன். சான்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பி வார்த்து, 1839-ல் இங்கே நிறுத்தப்பட்ட குதிரை வீரன். சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டான் என்று எங்கள் பேட்டைப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். இத்தனை நாள் நானும் நம்பியிருந்தேன். இன்று அந்தரத்தில் தொங்கும் அந்தக் கால்களைப் பார்த்தபோது, மறந்தவன் செய்த கால்களாகத் தோன்றவில்லை. குதிரையின் மூச்சைத் தொடையால் கேட்கிறவனின் கால்கள். பஸ் நகர்ந்துவிட்டது.

பங்குனி 27

பேத்தி பிடிவாதம் பிடித்துக் கண்ணகி நகருக்கு அழைத்துப் போனாள். துரைப்பாக்கத்தை ஒட்டி, நகரத்தின் நீர்க்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்து அகற்றப்பட்ட ஜனங்களுக்காக 2000-ஆம் ஆண்டையொட்டிக் கட்டத் தொடங்கிய அடுக்குக் குடியிருப்பு அது. 2020-ன் தொடக்கத்தில் ஓவியர்கள் வந்து, அதன் பக்கச் சுவர்களில் ஆள் உயரத்துக்கல்ல, கட்டட உயரத்துக்கே முகங்களை எழுதிவிட்டுப் போனார்கள். இதற்கு ஒரு பத்தாண்டு முன்னால், சுவரொட்டிகளை ஒழிக்கும் உபாயமாக மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் படம் எழுதச் சொன்னபோது, பிளெக்ஸ் வந்து பிழைப்பிழந்திருந்த சினிமா பேனர் ஓவியர்களுக்குச் சில மாதங்கள் மறுபடியும் தூரிகை பிடிக்கக் கிடைத்தது. அந்தச் சுவர்களில் பாதியில் நீர்க்கசிவு ஏறிக் காரை உரிந்து போயிற்று. சுவரில் எழுதிய சித்திரம் தொட்டிச் செடி மாதிரி. எழுதியவன் போன பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கண்ணகி நகரில் ஒரு பெரிய முகத்தின் கன்னத்துக்குக் குறுக்கே கொடி கட்டிப் புடைவை உலர்த்தியிருந்தார்கள். பேத்திக்கு அது குறையாகப் பட்டது; எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே வாசலில் ஒரு பெயிண்டு வாளியில் சோற்றுக் கற்றாழை தளதளவென்று கிடந்தது. ஓவியர்கள் விட்டுப்போன வாளியில் செடி வளர்கிறது என்று மனத்துக்குள்ளேயே ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டு, அங்கே குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த பெண்ணிடம், "இது அவங்க கொண்டுவந்த வாளியாம்மா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ உடைஞ்சிபோச்சு தாத்தா. இது எங்க வீட்டுக்காரரு வேல செய்ற எடத்துலேந்து எடுத்தாந்தது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, வாளியில் பக்கத்தில் முளைத்திருந்த பிள்ளையொன்றைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணோடு கையில் கொடுத்தாள். பஸ்ஸில் திருவல்லிக்கேணி வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வேஷ்டியில் செம்மண் கறை.

சித்திரை 1

வேப்பம்பூப் பச்சடி. மாடிக்கு எதிரே உள்ள மரத்தின் பூ, மாடியிலேயே விரித்த துணியில் உதிர்ந்தது, கடையில் வாங்கவில்லை. கற்றாழை பிழைத்துவிட்டது. எலுமிச்சை கடற்காற்றில் ஓரம் கருகியிருக்கிறது. நிழல்வலை கட்ட வேண்டும்.

சித்திரை 18

மே மாதம் முதல் தேதி. 1923-ல் இதே தேதியில் சிங்காரவேலர் இந்தக் கடற்கரையில்தான், திருவல்லிக்கேணிப் பக்கம் ஒன்றும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்றுமாக, இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். உழைப்பாளர் சிலை அங்கே நிற்பதற்கு அந்த ஞாபகம் பொருந்துகிறது.

விடியற்காலையில் பறித்த மல்லிகையை மனைவி ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடுத்திருந்தாள். யாருக்கென்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இலையில் மடித்துக்கொண்டு வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தேன். ஆனால் சிலையின் முன் நின்றதும், அது எவ்வளவு அசட்டுக் காரியம் என்று தெரிந்தது. பீடமோ என் தலைக்கு மேலே. எட்டி எறிந்தால் பாறைமேல் விழும். அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இந்த ஒரு முழப் பாரமும் எதற்கு? பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கவனிப்பார் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பினேன்.

நடைபாதையோரம் கூழ் வண்டி. அந்த அம்மாள் அப்போதுதான் கூழ்ப் பானையை வண்டிமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி, மற்றதை மடித்து, தம் பிடித்து, ஒரே தூக்கு. பானையைக் கண்ணால் பார்க்கவே இல்லை. ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்து, வடுமாங்காயைக் கடித்து முடித்த பின், இலைப் பொட்டலத்தை நீட்டினேன். பிரித்து முகர்ந்து பார்த்து, கொண்டையில் சுற்றிக்கொண்டாள். ஒரு சுற்றுக்குமேல் வரவில்லை.

"வூட்டுப் பூவா சார்? வாசனை சும்மா தூக்குது. அடுத்த தபா கொஞ்சம் நீட்டமா கட்டிக் கொண்டாங்க."