வீட்டுக் கிதாருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்?

என் மகள் எலெக்ட்ரிக் கிதார் கற்றுக்கொள்கிறாள். சாதாரணக் கிதார் என்றால் மரக்கூடே நாதம் தரும். இதற்கு ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் கொசு முனகுவதுபோல்தான் கேட்கும். கடைக்காரர், "நாற்பது வாட் எடுத்துக்குங்கம்மா, நல்லா முழங்கும்" என்றார். "முழங்க இது மேடையா? பத்துக்குப் பன்னிரண்டு ரூம்தானே!" என்றேன்.

வாட்டைப் பாதியாக்கினால் சத்தம் பாதியாகிவிடாது. 3 டெசிபல்தான் குறையும். அறைக்குள் பழக 5, 10 வாட்டே தாராளம். ஹெட்போன் மாட்டும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மத்தியானம் மாமனார் கண்ணயரும்போதும் பழகலாம். ஆனால் ஹெட்போனிலும் சத்தம் அடக்கமாகவே இருக்கட்டும். பெரியவர்களுக்கே 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். கிதார்க் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. எர்த் இல்லாமல், உள்ளே கோளாறும் வந்தால், வாசிக்கிற விரலிலேயே ஷாக் அடிக்கும். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், 1976-ல் லண்டனில் தம் வீட்டில் எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிதாரை வாசித்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஆகவே சகோதரிகளே, மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிச் செருக விடாதீர்கள். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். பழைய வாடகை வீடு, எர்த் ஒயரே இல்லையா? பாட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிடுங்கள். பிள்ளையும் வாசிக்கும், நமக்கும் நிம்மதி.