47ஆம் வரிசை

பாலிகஞ்சின் பழைய வீடுகளைக் கணக்கெடுத்து வந்த தமிழ் ஆய்வாளர் ஒருவரின் விரிதாளில் 47ஆம் வரிசை இவ்வாறு இருந்தது: கட்டடக்கூறு, கூரை, பொருள், சிவப்பு ஆக்சைடு. சிவப்பு ஆக்சைடு என்பது தரைக்கு இடும் பூச்சு. சிமென்டோடு இரும்பு ஆக்சைடு நிறமியைச் சேர்த்துப் பூசி, கரண்டியால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதைக் கொண்டு எந்தக் கொத்தனாரும் கூரை எழுப்பியதில்லை. நான்கு மாதங்கள் அந்த வரிசை எச்சரிக்கை ஏதுமின்றி, மற்ற வரிசைகளைப் போலவே ஒழுங்காக நின்றிருந்தது. தவறு நேரக்கூடாதென்று அவரே அமைத்த பட்டியலின் வழியாகத்தான் அந்தத் தவறு உள்ளே நுழைந்திருந்தது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் நகரின் தென்பகுதியில் சாலைகளை வகுத்தது. அதன் பின்னர் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் இப்பக்கம் வீடு கட்டிக் குடியேறினர். ஹிந்துஸ்தான் பார்க்கில் மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி வாழ்ந்த 'சுதர்மா' அவற்றுள் ஒன்று. இப்போது அங்கே கடை நடக்கிறது. இத்தகைய வீடுகள் பலவற்றை வடிவமைத்தவர் யாரென்று தெரியாது. 2015இல் எழுத்தாளர் அமித் சௌதுரி இவற்றைக் காக்கவேண்டுமென்று எழுதியபோது எடுத்துக்காட்டியவை மாளிகைத் தூண்கள் அல்ல. சிவந்த தரை, சாய்ந்த மரப்பட்டைகள் அடுக்கிய சன்னல், கம்பி அழி, வாசலை ஒட்டிய ரோயாக் போன்றவை. ரோயாக் என்பது ஏறத்தாழ நம் திண்ணைதான். அண்டைவீட்டார் வந்தமர்ந்து பேச்சு வளர்க்கும் இடம்.

ஆய்வாளரின் நோக்கம் எளியது. எந்த வீட்டில் எந்தக் கூறு எந்தப் பொருளால் ஆனது என்று பதிவு செய்வது. கணக்கெடுப்பில் இறங்கிய எவரும் அறிந்த தொல்லை முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. ஒரே தரை ஓரிடத்தில் 'ரெட் ஆக்சைடு', இன்னோரிடத்தில் 'சிவப்பு சிமென்ட்', மற்றோரிடத்தில் வீட்டார் சொன்னபடி 'லால் மெஜே' என்று பதிவாகியிருந்தது. கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு பொருள்கள். எனவே அவர் எக்செலில் சார்புப் பட்டியல் அமைத்தார்.

முறை அறிந்ததே. தனித்தாள் ஒன்றில் தரை, சுவர், கூரை, படிக்கட்டு, சன்னல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். அதன் கீழே அதற்குரிய பொருள்கள். ஒவ்வொரு நிரலின் பரப்புக்கும் அதன் தலைப்பையே பெயராக இடவேண்டும். பெயரில் இடைவெளி வரக்கூடாது. வந்தால் அடிக்கோட்டால் இணைக்க வேண்டும். பதிவுத் தாளில் கட்டடக்கூறு நிரலுக்கு டேட்டா வேலிடேஷன் வழியாகக் கூறுகளின் பட்டியல். அதற்கடுத்த பொருள் நிரலில் பட்டியலின் மூலமாக 'இன்டைரக்ட்' என்ற சார்பு. அது பக்கத்துக் கட்டத்தில் உள்ள சொல்லையே பெயராகப் படித்து, அப்பெயருடைய பரப்பை எடுத்து விரிக்கும். 'தரை' என்றால் சிவப்பு ஆக்சைடு, மொசைக், சலவைக்கல். 'கூரை' என்றால் மர உத்தரம், இரும்பு உத்தரம், கான்கிரீட். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. முடிந்ததும் தோன்றும் நிறைவு கொஞ்சநஞ்சமல்ல. ஆய்வேட்டின் ஓர் இயலே எழுதி முடிந்ததுபோல் இருக்கும்.

பட்டியல் வந்ததும் குறிப்பேடு நின்றுபோயிற்று. உண்மையான இழப்பு அன்றே தொடங்கியது எனலாம்.

முதல் உரசல் சுவரில் ஏற்பட்டது. சில வீடுகளில் தரையின் சிவப்பு அங்கேயே நிற்பதில்லை. சுவரில் ஒரு முழம் ஏறி, வழவழப்பான பட்டையாக ஓடும். 'சுவர்' என்பதன் கீழ் சிவப்பு ஆக்சைடு இல்லை. தட்டச்சிட்டால் கட்டம் மறுத்தது. அவர் 'சிமென்ட் பூச்சு' என்பதைத் தேர்ந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அது பொய்யன்று, ஆனால் பார்த்ததும் அன்று. ரோயாக் இன்னும் சிக்கல். அது தரையா, படிக்கட்டா? பட்டியலில் அதற்குத் தலைப்பே கிடையாது. பெரும்பாலான வீடுகளுக்கு அது பதிவாகாமலே போயிற்று. திண்ணை உள்ள ஊரில் பிறந்தவர் அமைத்த பட்டியலில் திண்ணைக்கு இடமில்லை என்பதை அவரே பின்னர் வியப்போடு கவனித்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டார் பேசியது வங்காளத்தில். அவர் நினைத்தது தமிழில். மூன்றுக்கும் இடையே எத்தனையோ நழுவியிருக்கும்.

47ஆம் வரிசையின் கதை வேறு. ஒரு வீட்டின் தரையைப் பதிந்துவிட்டு, முகவரியை மறுபடி தட்டச்சிட வேண்டாமென்று அவ்வரிசையை நகலெடுத்து ஒட்டினார். முதற்பட்டியலில் 'தரை'யைக் 'கூரை'யாக மாற்றினார். அதற்குள் வீட்டு மாஷிமா தேநீரோடு வந்துவிட்டார். பொருளை மாற்ற மறந்துபோயிற்று. இங்கேதான் இந்த உத்தியின் குறை இருக்கிறது. தாய்க் கட்டம் மாறினால் அடுத்து விரியும் பட்டியல் மாறும். ஏற்கெனவே தேர்ந்த சொல் மாறாது, அழியாது. எக்செல் வாயிலில் நிற்கும் காவலாளி போன்றது: நுழைகிறவரைக் கேள்வி கேட்கும், உள்ளே இருப்பவரைத் திரும்பிப் பார்க்காது. தவறான தரவுகளை வட்டமிட்டுக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு, கேட்டால்தான் காட்டும். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினாலோ அந்தக் காவலே கட்டத்திலிருந்து அகன்றுவிடும். பெயரிட்ட பரப்பில் வெற்றுக் கட்டங்கள் இருந்து, வெற்றிடத்தைப் புறக்கணி என்ற குறியும் இடப்பட்டிருந்தால், எதைத் தட்டச்சிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். பின்னால் சேர்க்க உதவுமே என்று பட்டியலின் அடியில் நாலைந்து கட்டங்களை வெறுமையாக விட்டுவைப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

தவறைக் கண்ட மறுநாள் அவர் அத்தெருவுக்குப் போனார். மூங்கில் சாரத்தின்மேல் பச்சை வலைத்துணி கட்டியிருந்தது. உள்ளே செங்கல் குவியலும் சுர்க்கித் தூளும். உத்தரங்கள் முன்னமே ஏற்றிச் செல்லப்பட்டிருந்தன. மாஷிமா எங்கே போனார் என்று மூலைக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. கைபேசியில் அவ்வீட்டின் படங்கள் பதினொன்று இருந்தன: தரை, படிக்கட்டு, சன்னல், தேநீர்க் கோப்பை. ஒரே ஒரு படத்தின் மேல்விளிம்பில் வெள்ளையடித்த உத்தரம் ஒன்றின் முனை தெரிகிறது. மரமா, இரும்பா என்று சொல்ல முடியாது. வங்காளத்தில் இக்கூரையைக் 'கொரி-பொர்கா' என்பர். உத்தரமும் குறுக்குச் சட்டமும், மேலே செங்கல், அதன்மேல் இடித்து இறுக்கிய சுண்ணாம்புக் காரை. நம் மெட்ராஸ் டெரஸின் உறவினர் என்றே சொல்லலாம். உத்தரம் மரமா இரும்பா என்பது வீட்டின் வயதைக் கணிப்பதற்கு ஒரு தடயம். அத்தடயம் அந்த வீட்டைப் பொறுத்தவரை போய்விட்டது.

சார்புப் பட்டியல் கணினியோடு பிறந்ததன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீர்காழி இரா. அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், முதலில் தேர்ந்த துறைதான் அடுத்து எந்தெந்த முகங்களிலிருந்து எண்ணைப் பொறுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பிற்காலத்தில் அவர் வகுத்த ஐந்து அடிப்படைக் கூறுகளுள் 'பொருள்' ஒன்று. ஆனால் அரங்கநாதனிடம் இன்னொன்றும் இருந்தது. வரிசையில் 1 முதல் 8 வரையே பொருள்களுக்கு ஒதுக்கி, 9ஐ எதற்கும் தராமல் வைத்தார். புதிதாக ஒன்று வந்தால் அது 91. அதன் மதிப்பு 1க்கும் 8க்கும் நிகர். 'மற்றவை' என்ற மூட்டைக்குள் போவதில்லை. நூலகவியலார் இதை எண்ம உத்தி என்பர். நாளை என்ன நூல் வரும் என்று தமக்குத் தெரியாது என்பதை எண்முறைக்குள்ளேயே எழுதிவைத்தவர் அவர்.

ஆய்வாளர் தாளைத் திருத்தினார். பொருள் தாய்ப்பட்டியலுக்குள் இல்லையெனில் கட்டம் சிவக்கும்படி ஒரு வாய்பாடு, 'கவுன்ட்-இஃப்' போதும். பட்டியல்களை எக்செல் அட்டவணைகளாக்கினார். சேர்க்கச் சேர்க்கப் பரப்பு தானே நீளும், வெற்றுக் கட்டம் வேண்டியதில்லை. ரோயாக் தலைப்பாயிற்று. 'சுவர்' என்பதன் கீழ் சிவப்பு ஆக்சைடு சேர்ந்தது. மூன்றாவதாக ஒரு நிரல்: வீட்டாரோ கொத்தனாரோ சொன்ன சொல், அவர்கள் சொன்னபடியே, எந்தப் பட்டியலுக்கும் கட்டுப்படாமல். குறிப்பேடும் மீண்டும் பைக்குள் வந்தது.

47ஆம் வரிசையை அழித்துவிடலாம் என்றார் உடன் ஆய்வு செய்பவர் ஒருவர். அழித்தால் அவ்வீட்டுக்குக் கூரையே இல்லாததுபோல் ஆகும் என்று இவர் மறுத்தார். 'தெரியவில்லை' என்று பதிய முயன்றபோது கட்டம் மறுத்தது. பட்டியலில் அந்தச் சொல் இல்லை. தனித்தாளைத் திறந்து, தரை, சுவர், கூரை, படிக்கட்டு, சன்னல், ரோயாக் என ஆறு நிரல்களின் அடியிலும் அதைச் சேர்த்தார். பிறகு திரும்பி வந்து, பட்டியலை விரித்து, அதைத் தேர்ந்தார்.