அண்ணாமலைக்கு மூன்று சிலிண்டரில்!

அண்ணாமலையை நினைத்தாலே முக்தி என்பார்கள். நினைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்திராது. என் பெரியம்மாவுக்கு நினைப்பு மட்டும் போதவில்லை. மலையை ஒரு தடவை வலம் வந்தாக வேண்டும், அதுவும் பெரியப்பாவின் காரிலேயே வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவளுக்கு வயது 76. முழங்கால்கள் இரண்டும் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிப் பல வருஷமாகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து முடிப்பது நடக்கிற காரியமா?

கார் என்றால் 1974-ஆம் வருஷத்து அம்பாஸடர். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் பிறந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் வளர்ந்து, மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் சுமந்து, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன வம்சம். எங்கள் வண்டியின் மீட்டர் 99,999-ஐத் தாண்டி எத்தனை முறை பூஜ்யத்துக்குத் திரும்பியது என்ற கணக்கு பெரியப்பாவுக்குத்தான் தெரியும். அவர் காலமாகி மூன்று வருஷமாயிற்று.

வாசகர்களிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா காதில் விழ வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்னால் வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்க ஆரம்பித்தது. சமதரையில் சமர்த்தாக ஓடும். மேம்பாலம் ஏறினால் போதும், விக்கல் எடுத்த குழந்தை மாதிரி குலுங்கும். சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிளக் நாலும் புதிதாகப் போட்டார்கள். கார்புரேட்டரைக் கழுவினார்கள். பில்லும் போட்டார்கள். விக்கல் மட்டும் நிற்கவில்லை. "எஞ்சின் தேய்ந்துவிட்டது சார். போர் பண்ணி, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும். 70,000 ரூபாய் ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். பத்திரிகை உத்தியோகத்தில் இருக்கிறவனிடம் 70,000 ரூபாய் ஏது? பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் பேசி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை லாரியோடு வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் இந்த யாத்திரை!

திண்டிவனம் வரையில் வண்டி மானத்தைக் காப்பாற்றியது. செஞ்சியில் ராஜகிரிக் கோட்டையைப் பார்த்தபடி காப்பி குடித்தோம். பாறைமேல் பாறையாக யாரோ அடுக்கி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கிற அந்த மலைகளை இன்னொரு சமயம் எழுதுகிறேன். அன்று எனக்கு ரசிக்க மனம் இல்லை. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் எதிரே அருணாசலம் நீல நிறத்தில் எழுந்து நின்றது. 2,600 அடிக்கு மேல் உயரம். சுற்றிலும் வெட்டவெளியாதலால் நெடுந்தூரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். பெரியம்மா கைகூப்பினாள். அதே நிமிஷம் எஞ்சின், ஏற்றம் எதுவும் இல்லாமலேயே, 'டக்... டக்' என்று இடறத் தொடங்கியது.

ஊருக்குள் நுழைகிற இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. கொட்டகைக்கு உள்ளேயும் வெளியேயும் பழைய வண்டிகள். சொந்தக்காரருக்கு எழுபது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, மூக்கில் தடித்த கண்ணாடி. நான் சாவியைத் திருப்பப் போனேன்.

"அணைக்காதீங்க சார், ஓடட்டும்" என்றார் பாய்.

பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வண்டியின் பின்பக்கம் போய், சைலன்ஸர் வாய்க்கு எதிரே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். வைத்தியர் நாடி பிடிப்பது போலவே இருந்தது. "மூணு அடி விழுது, நாலாவது விழலே. நீலப் புகை இல்லே. எண்ணெய் குடிக்கிற எஞ்சினா இருந்தா நீலமா வரும்" என்றார்.

பிறகுதான் பானெட் திறந்தது. காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் வயரைப் பிடுங்கியதும் எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவது வயரைப் பிடுங்கினார். எஞ்சின் சட்டையே செய்யவில்லை! வேலை செய்யாதவன் லீவு போட்டால் ஆபீஸுக்கு என்ன நஷ்டம்? நாலாவதைப் பிடுங்கியபோது மறுபடி தள்ளாட்டம்.

"மூணாவது சிலிண்டர்தான் சார் தூங்குது" என்றார்.

இந்தக் காலத்து வண்டிகளில் இந்தப் பரீட்சை தேவைப்படாது. அமெரிக்காவில் 1996-ஆம் வருஷ மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் எஞ்சினைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் கட்டாயமாயிற்று. ஒரு கருவியைச் செருகினால் 'பி 0303' என்று எண் காட்டும்; கடைசி 3 என்பது மூன்றாவது சிலிண்டர். பாய் அதே எண்ணை ஒரு கிழிந்த துணியை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கம்ப்யூட்டரும் 'எந்தச் சிலிண்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். 'ஏன்' என்பதை மனிதன்தான் தேட வேண்டும்.

தேடலானார். மூன்றாவது பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது, நெருப்புத்தான் வரவில்லை. அந்தப் பிளக்கை முதல் சிலிண்டரில் போட்டு, முதலாவதை இங்கே போட்டார். கோளாறு மூன்றாவதிலேயே இருந்தது. பிளக் நிரபராதி! வயரையும் அதே மாதிரி மாற்றிப் பார்த்தார். வயரும் நிரபராதி.

எனக்கு அடிவயிற்றில் சங்கடம். நிரபராதிகள் விடுதலையாக ஆக, எஞ்சின்மேல் அல்லவா பழி விழும்? சென்னைத் தீர்ப்பை மெதுவாகச் சொன்னேன். நல்ல வேளை, பெரியம்மா தூரத்தில் மர நிழலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் பதில் சொல்லவில்லை. கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை எடுத்து வந்து, பிளக் துளைகளில் ஒவ்வொன்றாக வைத்து, என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். நாலு துளையிலும் முள் 110-க்கும் 120-க்கும் நடுவிலேயே நின்றது. "ஒண்ணு மட்டும் இறங்கியிருந்தா ரிங்கோ வால்வோ போச்சுன்னு அர்த்தம். நாலும் ஒரே மாதிரி நிக்குது. இந்த எஞ்சினை யார் சார் பிரிக்கச் சொன்னது?" என்றார்.

நான் மேலே பார்த்தேன். வேப்பமரத்தில் ஒரு காக்கை இருந்தது.

கடைசியாக டிஸ்டிரிபியூட்டரின் கறுப்பு மூடியைக் கழற்றி, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். உள்பக்கத்தில், மூன்றாவது முனையிலிருந்து கீழ் விளிம்பு வரையில், பென்சிலால் கிறுக்கின மாதிரி மயிரிழை போல் ஒரு கோடு. விரலால் துடைத்தால் போகவில்லை.

சமாசாரம் இதுதான். பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கிறது. டிஸ்டிரிபியூட்டர் அதை 1, 3, 4, 2 என்ற வரிசையில் சிலிண்டர்களுக்குப் பந்தி பரிமாறுகிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் விநாடிக்கு 100 பொறி. மலை உச்சியில் தீபம் ஏற்றுவது கார்த்திகையில்தான். இங்கே ஒரு விநாடிக்கு நூறு தீபம்! மூடியில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து கரிக்கோடு விழுந்துவிட்டால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் குறுக்கு வழியாக எஞ்சின் இரும்பில் இறங்கிவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அப்போது சுலபமான வழி இருக்கிறதே என்று அது ஓடிவிடுகிறது. மேம்பாலத்தில் மட்டும் விக்கல் வந்ததன் மர்மம் இதுவே. நாளாக ஆகக் கோடு தடித்து, சமதரையிலும் தொல்லை கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

"புது மூடி இங்கே கிடைக்காது சார். புதுப்பேட்டையிலே தேடுங்க. இப்போதைக்கு ஒரு வழி பண்றேன். நெயில் பாலிஷ் வாங்கியாங்க" என்றார்.

எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டுவிட்டு, ஆட்டோ பிடித்துத் தேரடி வீதிக்கு ஓடினேன். 217 அடி ராஜகோபுரம், பதினொரு நிலையோடு, கிருஷ்ணதேவராயர் தொடங்கியது, எதிரே நிற்கிறது; நானோ வளையல் கடையில் நகப்பூச்சுக்குப் பேரம் பேசுகிறேன். "எந்தக் கலர் அண்ணா?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண். "எஞ்சினுக்கு" என்றேன். அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பாய் பிளேடால் கரிக்கோட்டைச் சுரண்டி எடுத்து, துடைத்து, அந்த இடத்தில் ரோஜா நிறப் பூச்சைப் பூசி வெயிலில் காய வைத்தார். ஈரமும் அழுக்கும் மறுபடி ஒட்டாதாம். மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். நாலு சிலிண்டரும் ஒரே சுருதியில் பாடின! கூலி 200 ரூபாய். "ஊர் போய்ச் சேரும். ஆனா இதையே நம்பி வருஷக்கணக்கா ஓட்டாதீங்க" என்று எச்சரித்தார். பெரியம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் கையில் கொடுத்து, "நீங்க நல்லா இருக்கணும் பாய்" என்றாள்.

பௌர்ணமியாக இருந்தால் கிரிவலப் பாதையில் வண்டி நுழைய முடியாது; ஜனசமுத்திரம். அன்று வெறும் வெள்ளிக்கிழமை மாலை. ரமணாசிரமத்தைத் தாண்டி, லிங்கம் லிங்கமாக நிறுத்தி நிறுத்திப் போனோம். போகப் போக மலை வடிவம் மாறிக்கொண்டே வருவதுதான் அந்தப் பாதையின் அதிசயம். ஒரு திருப்பத்தில் ஒற்றைச் சிகரமாக இருந்தது அடுத்த திருப்பத்தில் தோள்களை விரித்துக்கொள்கிறது. ஆதி அண்ணாமலைக்கு அருகே எஞ்சினை அணைக்கச் சொன்னாள் பெரியம்மா. பெரியப்பா வழக்கமாக அங்கேதான் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவாராம்.

சிறிது நேரம் சும்மா இருந்தோம். பிறகு, மலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"திங்கட்கிழமை யாரோ லாரியோடு வரான்னு டெலிபோனிலே பேசிண்டிருந்தியே, யாருடா அது?"

"யாரும் வரவில்லை, பெரியம்மா. நான்தான் திங்கட்கிழமை புதுப்பேட்டைக்குப் போகணும். மூடி வாங்க."

"சரி, வண்டியை எடு" என்றாள்.