இரு சூரியோதயங்கள் கண்ட பயணம்

சென்ற விடுமுறையின்போது மாணவர் சிலருடன் காலியிலிருந்து மாத்தறை செல்லும் புகைவண்டியில் ஏறிக் கொக்கலையில் இறங்கினோம். கடலுக்கு அணித்தாக அமைதியே உருவாய் ஒரு வாவி கிடக்கின்றது. "இவ்விடத்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஒருகாலத்தில் ஆகாயவிமானங்கள் பறந்தன" என்று நாம் கூறினோம். மாணவர் நம்பினாரல்லர்.

"ஓடுபாதை எங்கே, ஐயா?" என்றான் ஒருவன்.

"இந்த நீர்ப்பரப்பே ஓடுபாதை" என்றோம்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த ஆகாயவழி அத்துடன் அறுந்தது. அதனை மீண்டும் பிணைக்கும் பொருட்டு, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பேர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்தார் விமானசேவை தொடங்கினர். நீரில் இறங்கவல்ல கற்றலினா விமானங்கள் ஐந்து அப்பணியில் ஈடுபட்டன. கொக்கலையிலிருந்து கராச்சி மார்க்கமாக இங்கிலாந்துக்குத் தொடர்பு இருந்தது.

பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர்; அதாவது 3,500 மைல். இடையில் எங்கும் இறங்காது பறந்து கடக்க 27 முதல் 33 மணி நேரம் சென்றது. 28 மணி நேரமெனக் கொண்டு வகுத்துப் பார்த்தால் மணிக்கு 200 கிலோமீற்றர் வேகமே கிடைக்கின்றது. எதிர்க்காற்று வலுத்தால் அதுவும் குறையும்.

இத்துணை தூரத்துக்கு வேண்டிய எரிபொருளே விமானத்தின் சுமையாயிற்று. ஆதலின் பிரயாணிகள் மூவருக்கும் சிறிதளவு தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. பகைவரின் பார்வைக்குத் தப்ப ஆபத்தான பகுதியை இருளிலே கடந்தனர். வானொலியில் ஒரு சொல்லும் பேசாது, விண்மீன்களை நோக்கியே வழியறிந்தனர். அவ்விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிக்கக் கண்டமையால், பிரயாணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசிய அணி' என்னும் பெயரில் சான்றிதழ் வழங்கப்பட்டது. 1945 யூலை வரை ஓர் உயிரும் பலியாகாது இச்சேவை நடந்தது. போர் ஓய்ந்தபின் விமானங்கள் ஐந்தும் கடலில் அமிழ்த்தப்பட்டன.

இன்றைய ஜெற் விமானம் இதே தூரத்தை ஏறக்குறைய 7 மணி நேரத்தில் கடந்துவிடும். பேர்த்திலிருந்து இலண்டனுக்கு 2018ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய நேரடிச் சேவையோ 14,500 கிலோமீற்றரை ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடந்தது.

மாணவர் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பேர்த் நகரின் கடிகாரம் நமது கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டு 7 மணி நேரம் பறந்து வருவோர், இங்கே பிற்பகல் 2.30 மணிக்கு இறங்குவர். பயணம் நாலரை மணி நேரமே எடுத்ததென மயங்கலாகாது.

கடலின் அகலம் அன்றும் இன்றும் ஒன்றே. குறைந்தது காலம் மட்டுமே. அவுஸ்திரேலியாவில் வாழும் பிள்ளைகளைக் காண ஒரு பகற்பொழுதில் போய்ச் சேரலாம் என்னும் துணிவு இன்று நம் பெற்றோருக்கு உண்டு. அன்றோ, போய்ச் சேர்ந்தனரா என்பதை அறியவே கரையில் நின்றோர் ஓர் இரவு முழுதும் காத்திருந்தனர்.

திரும்பும் வேளையில், வினவிய மாணவன் வாவியை மறுபடியும் நோக்கினான். இம்முறை அவன் ஓடுபாதையைத் தேடவில்லை.